புளிப்பு தனி, பிளீச் தனி

பக்கத்து வீட்டு அக்கா எதையும் கண்ணால் பார்த்து நம்பமாட்டார். மூக்கால்தான் பார்ப்பார். கொடியிலிருந்து துணியை எடுத்தால் முதலில் அது மூக்குக்குப் போகும், அப்புறம்தான் மடிப்பு. பாத்திரம் கழுவி முடித்தால் உள்ளங்கை மூக்குக்குப் போகும். குளியலறைச் சுவரைத் தேய்த்து அலசிய பிறகு அந்த ஈரச் சுவரோடு முகத்தை ஒட்டி நின்று, கண்ணை மூடி, நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுப்பார். "ம்… போயிடுச்சு" என்பார். அந்தச் சொல் வந்துவிட்டால் வேலை முடிந்தது. கறையோ பூஞ்சையோ வேர்வை நாற்றமோ, அவர் மூக்கு போயிடுச்சு என்றால் போய்விட்டது என்று எங்கள் வரிசை வீடுகளில் எல்லோரும் நம்பினோம்.

மலேசியாவில், கூலாயில், எங்கள் தாமான் குடியிருப்பில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டிக் கட்டியவை. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர் தனியாக. ஆறு வருடம் அப்படி இருந்தோம். இப்போது அவர் பெக்கான் நானாஸில் தன் தம்பி வீட்டோடு போய்விட்டார். எப்படி மூச்சு விடுகிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு போன் போதும். எண்ணும் இருக்கிறது. எடுக்கத்தான் பயம். "ஹலோ" வருவதற்கு முன்னால் இருமல் வந்துவிடுமோ என்று பயம்.

நான் பயப்படுகிற ஜாதி. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய், அயர்ன் பெட்டியை அணைத்தேனா என்று திரும்பி வருகிறவள். என் கணவருக்கு வேலை சிங்கப்பூரில். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய் இருட்டிய பிறகு வருவார். பகலெல்லாம் நானும் மகள் யாழினியும்தான். யாழினிக்கு மூச்சு இழுப்பு. மழை வந்தால் இழுக்கும், தூசி வந்தால் இழுக்கும், சில நாள் ஒன்றுமே வராமலும் இழுக்கும். அதனால் வீட்டில் ஒரு கிருமி இருக்கக் கூடாது என்று நான் உறுதியாக இருந்தேன். என் ஆயுதம் பிளீச். தரை, சுவர், கழிவறை, பள்ளிச் சட்டை, பாய், எல்லாவற்றுக்கும் அதுதான்.

அந்த வீட்டுக்குக் குடிவந்த மறுநாளே அக்காவோடு சண்டை. குளியலறையில் பிளீச்சை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தேன். பின்சந்துக் கதவில் யாரோ தட்டினார்கள். போனால், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும்.

"ஏம்மா, பிளீச் ஊத்துறியா?"

"ஆமா. ஏன்?"

"இங்க எரியுது" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார். "உள்ள சின்னப் பிள்ள இருக்கா?"

"இருக்கா."

"தூங்கும்போது வாயத் திறந்து தூங்குவாளா, மூடித் தூங்குவாளா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. குடிவந்து ஒரு நாள் ஆகவில்லை, என் பிள்ளையின் வாயைப் பற்றி இவருக்கென்ன? கதவைச் சாத்திவிட்டேன். ஆனால் அன்றைக்கு யாழினி தூங்கும்போது போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வாய் திறந்துதான் இருந்தது. மூச்சு வாய் வழியாகத்தான் போய் வந்துகொண்டிருந்தது. அதற்கு முன் நான் அதைக் கவனித்ததே இல்லை.

மறுநாள் நானே பின்சந்தில் போய் நின்றேன். அக்கா உள்ளே போய் வந்தார். ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கையில் கொடுத்தார். உள்ளே தேநீர் நிறத்தில் ஒரு தண்ணீர்.

அவருடைய தம்பி அன்னாசி வெட்டி விற்கிறவர். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு கோணிப்பை நிறையத் தோல் கொண்டுவந்து போடுவார். அக்கா அதை நறுக்கி, பழுப்புச் சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்துப் பாட்டிலில் அடைத்து, மூன்று மாதம் ஊறவிடுவார். அதுதான் அன்னாசித் தண்ணீர். தரை துடைக்க அது. குளியலறைக் கல் இடுக்குக்கு ஆப்பசோடாவைக் குழைத்துப் பூசி, ஊறியதும் பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். குழாயில் படியும் வெள்ளைப் பொருக்குக்கு வினிகர் நனைத்த துணியைச் சுற்றிவைக்க வேண்டும். வெள்ளைத் துணிக்குச் சுடுதண்ணீர், எலுமிச்சை, பிறகு வெயில். பித்தளைக் குத்துவிளக்குக்கு பிலிம்பி என்ற புளிப்புக் காயை இரண்டாக அரிந்து அப்படியே தேய்ப்பார். கடையில் பிளீச் வாங்கினால் எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில். அக்கா வீட்டில் ஒவ்வோர் அழுக்குக்கும் ஒரு மருந்து, ஒரு நேரம், ஒரு பக்குவம்.

"இத்தனை நேரம் யாருக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

"நேரம் வெயிலுக்குத்தான் ஆகும். உனக்கு என்ன ஆகுது? விரிச்சுப் போட்டுட்டு உன் வேலையப் பாரு."

அக்காவின் மறுபக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவின் தொழுகைத் துணி மழைக்காலத்தில் பெட்டிக்குள் இருந்து, கரும்புள்ளி விழுந்து போயிற்று. எல்லோரும் தூக்கிப் போடு என்றார்கள். அக்கா வாங்கி உப்பும் எலுமிச்சையும் பூசி, வாசல் புல்லின் மேல் விரித்தார். காயக் காயத் தண்ணீர் தெளித்தார். முதல் நாள் புள்ளி அப்படியே இருந்தது. இரண்டாம் நாளும் இருந்தது. நான் போய்ப் போய்ப் பார்த்தேன், அவரைவிட எனக்குத்தான் படபடப்பு. "பிளீச்ல ஒரு முக்கு முக்கினா பத்து நிமிஷம்கா" என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அழுக்கு போனா போதும். நூலு எதுக்குச் சாகணும்?" நான்காம் நாள் துணியை எடுத்து மூக்கில் வைத்து, "ம்… போயிடுச்சு" என்றார். உற்றுப் பார்த்தால் இரண்டு புள்ளி மங்கலாகத் தெரிந்தது. அந்த அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு ஒரே ஒரு கண்டிப்பு. வினிகர், எலுமிச்சை, அன்னாசித் தண்ணீர், இவை இருக்கிற இடத்தில் பிளீச் இருக்கக் கூடாது, கலந்தால் மூச்சை எரிக்கிற விஷப்புகை. "புளிப்பு தனி, பிளீச் தனி" என்பார். துவைக்கத் துணி கொடுக்க வருகிறவர்களிடமும் சொல்வார், மாதா கோயிலில் பாத்திரம் கழுவுகிறவர்களிடமும் சொல்வார். யாழினி அதைப் பாட்டாகவே பாடிக்கொண்டு திரிந்தாள். அதைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் முகத்தில் சிரிப்பு இருக்காது.

இன்னொரு கவலை அந்தப் பாட்டில்கள். ஊற ஊறக் காற்று கட்டும். தினமும் மாலையில் ஒவ்வொரு மூடியையும் ஒரு சுற்றுத் திறந்துவிட வேண்டும். ஸ்ஸ் என்று சத்தம் வரும். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு அது கேட்கும். ஒருமுறை அவர் ஒரு கல்யாணத்துக்குச் சேலை எடுக்கத் தங்காக் போய், அங்கேயே உறவுக்காரர் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டார். இரண்டாம் நாள் மத்தியானம் டமார் என்று ஒரு சத்தம். நான் யாழினியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, பாட்டில் ஒன்று வெடித்து அன்னாசித்தோல் கூரைவரை ஒட்டியிருக்கிறது. அன்றிலிருந்து அவர் வெளியூர் போனால் மூடி திறக்கிற வேலை என்னுடையது.

யாழினிக்கு இழுப்பு நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். குறைந்தது. வாய் மூடித் தூங்கிய நாட்கள் கூடின. நான் பிளீச் வாங்குவதை விட்டேன்.

பிறகு நோய் வந்தது. நாடு முழுக்க நடமாட்டக் கட்டுப்பாடு. பாலம் மூடிவிட்டார்கள். காலையில் வேலைக்குப் போன என் கணவர் அந்தப் பக்கமே மாட்டிக்கொண்டார். அவரும் அவருடைய மோட்டாரும் அங்கே, போர்ச்சில் மோட்டார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இங்கே. போனில் தினமும் அவர் முகம் தெரியும். "எல்லாத்தையும் பிளீச் போட்டுத் துடை. யாழினிக்கு வந்தா தாங்க மாட்டா" என்பார். அவர் சொல்லாவிட்டாலும் நான் துடைத்திருப்பேன். கதவுக் கைப்பிடியைத் துடைத்தேன். பால் பொட்டலத்தைத் துடைத்தேன். வெங்காயத்தைக்கூடத் துடைத்தேன். யாழினி மறுபடியும் வாய் திறந்து தூங்கினாள். அது பிளீச்சாலா, நோயாலா என்று தெரியாமல் நான் அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா பின்சந்தில் தள்ளி நின்று சொன்னார். "சோப்புத் தண்ணி போதும்மா. டாக்டருங்களே கைய சோப்புப் போட்டுத்தானே கழுவச் சொல்றாங்க."

"உங்களுக்குப் பிள்ள இல்லக்கா. உங்களுக்குத் தெரியாது."

சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

"சரி. பிளீச் போட்டே தீருவேன்னா, என் அன்னாசித் தண்ணிய எல்லாம் திருப்பிக் கொடுத்துடு. ஒரே வீட்ல ரெண்டும் வேணாம். புளிப்பு தனி, பிளீச் தனி."

அதற்காகத்தான் மறுநாள் மாலை ஆறு மணிவாக்கில் இரண்டு பாட்டிலோடு அவர் வீட்டுப் பின்கதவுக்குப் போனேன். சந்திலேயே கேஸ் நாற்றம் முகத்தில் அடித்தது. அடுக்களையில் துணி அவிக்கிற பெரிய பானை பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. குமிழ் திறந்தே கிடந்தது. அக்கா நான்கு எட்டுத் தள்ளி, மாதா சிலைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் மெழுகுவர்த்தி. இன்னொரு கையில் தீப்பெட்டி. குச்சியை எடுத்துவிட்டார்.

பாட்டில்களை எங்கே போட்டேன் என்று தெரியாது. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு குமிழை மூடி, ஜன்னல்களைத் திறந்து, சந்துக்கு அவரை இழுத்துக்கொண்டு வந்தேன்.

"உங்களுக்கு வாசம் வரலையா அக்கா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "சளி பிடிச்சிருக்கு" என்றார்.

அவருக்குச் சளி இல்லை. குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் அது என் மண்டையில் உறைத்தது. வாசனை தெரியாமல் போவது நோயின் அடையாளம் என்று அந்த நாட்களில் போனைத் திறந்தால் அதுதான் வந்துகொண்டிருந்தது. எங்கள் தாமானிலேயே பெரிய மூக்குக்காரர் அவர். அந்த மூக்குக்குக் கேஸ் நாற்றமே தெரியவில்லை. முந்தின நாள்தான் நான் பார்க்காத நேரத்தில் யாழினி பின்சந்தில் அவர் மடியில் தலைவைத்துப் பேன் பார்க்கக் கொடுத்திருந்தாள்.

தாமான் குடியிருப்பாளர்களுக்கு ஒரு வாட்ஸ்ஆப் குரூப் இருந்தது. அதில் எழுதினேன். "பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாசனை தெரியவில்லை. என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள்." எழுதி, படித்து, அவர் பெயரையும் வீட்டு எண்ணையும் சேர்த்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் நாற்பது பதில். அரை மணி நேரத்துக்கு முன் கேஸிலிருந்து அவரை இழுத்துவந்த அதே கைதான் அதை எழுதியது.

மறுநாள் காலை ஆம்புலன்ஸ் வந்தது. உடம்பு முழுக்க மூடியவர்கள் இறங்கினார்கள். அவர்கள் மணியடிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. அக்கா கோயிலுக்குப் போகிற சேலை கட்டி, பையைத் தயாராக வைத்துக்கொண்டு கேட்டருகே நின்றிருந்தார். எப்படித் தெரிந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. ஏறும் முன் என் பக்கம் வந்து, வேலிமேல் சாவியை வைத்தார்.

"மூடிய தினமும் ஒரு சுத்து திறந்து விட்டுடு. உனக்குத்தான் தெரியுமே."

நான் கையுறை போட்டுக்கொண்டு அந்தச் சாவியை எடுத்தேன். உள்ளே கொண்டுபோய் பிளீச் தண்ணீரில் போட்டேன்.

அன்றைக்கும் மறுநாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குள் போய் மூடிகளைத் திறந்துவிட்டேன். அந்த மறுநாள் மத்தியானம்தான் குரூப்பின் செயலாளர் அங்கிள் மருந்து அடிக்கிற ஓர் ஆளைக் கூட்டிவந்தார். முதுகில் தொட்டி. பிளீச்சை நல்ல கெட்டியாகக் கலந்திருப்பதாக அந்த ஆள் பெருமையாகச் சொன்னார்.

"சாவி உங்ககிட்ட இருக்காம்ல?" என்றார் அங்கிள்.

"அங்கிள், உள்ள அன்னாசித் தண்ணி நிறைய இருக்கு. புளிப்பு. அது கூட இது…"

"கிருமி போகணும்லம்மா. ஒட்டின சுவரு உங்களுதுதான். உங்க பிள்ளைக்காகத்தான் செய்றோம்."

சாவியை எடுத்துக்கொண்டு போனேன். திறந்துவிட்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. இன்றைக்கும் அந்த இடத்துக்கு வந்தால் என் மனசு திறந்துவிட்டேன் என்பதில் வந்து முட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது.

குளியலறையில் ஒரு பேசின் நிறைய அன்னாசித் தண்ணீரில் துணி ஊறிக்கொண்டிருந்தது. கேஸ் கசிந்த அன்று அவித்து முடிக்காமல் விட்ட துணி. மருந்துக்காரர் அதற்குள்ளும் ஒரு பீச்சுப் பீச்சியிருக்கிறார். சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. சாக்கடைத் திண்டில் உட்கார்ந்து கால் மணி நேரம் இருமினார். அவருக்கு மூச்சு ஒழுங்காகும்வரை நானும் அங்கிளும் தள்ளியே நின்றோம். பிறகு அங்கிள், "மருந்து வேலை செய்யட்டும், மூடியே கிடக்கட்டும்" என்று கதவை இழுத்துச் சாத்தினார்.

மூன்றாம் நாள் அக்கா வந்துவிட்டார். நோய் இல்லை. காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கேட்டைத் திறந்தார், கதவைத் திறந்தார், ஒரு கால் உள்ளே வைத்தார். அப்படியே பின்னால் வந்தார். தொண்டையில் கைவைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்து இருமினார். நான் வேலியருகே நின்றுகொண்டிருந்தேன். மாவட்டம் தாண்ட அனுமதி இல்லாததால் தம்பி வந்து கூட்டிப் போகவும் முடியாது.

"என் வீட்டுக்கு வாங்கக்கா."

"உன் வீட்லயும் அதே பிளீச்தானேம்மா."

எங்கள் வீட்டுப் போர்ச்சில், மோட்டார் நிற்கிற இடத்தில், மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டார். ஐந்து நாள் அங்கேதான். குரூப்பில் முணுமுணுத்தார்கள். நான் குரூப்பைத் திறக்கவே இல்லை.

அவர் வீட்டை நான் கழுவினேன். அவர் பின்சந்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, காற்று எந்தப் பக்கம் வருகிறது என்று பார்த்து அந்தப் பக்கம் உட்கார்ந்து, சொல்லிக்கொண்டிருந்தார். நான் எலுமிச்சையை அரியப் போனபோது அவர் குரல் உயர்ந்ததை முதல்முறை கேட்டேன். "புளிப்பத் தொடாத. வெறும் தண்ணி. நான் சொல்ற வரைக்கும் வெறும் தண்ணிதான்." முதலில் அன்னாசிப் பாட்டில்களை எல்லாம் மூடி இறுக்கி வெளியே கொண்டுவந்து வைக்கச் சொன்னார். பேசினைத் தொட விடவில்லை. சந்திலிருந்த தண்ணீர்க் குழாயை ஜன்னல் வழியாக நீட்டி, தூரத்திலிருந்தே பேசின் நிரம்பி வழியத் தண்ணீர் விடச் சொன்னார், அரைநாள் முழுக்க. பிறகு வாளி வாளியாகத் தரைக்கு. மெத்தை, திரை, தலையணை எல்லாம் சந்து வெயிலுக்கு.

ஊற்றிக்கொண்டே கேட்டேன், முகத்தைப் பார்க்காமல் கேட்பது சுலபமாக இருந்தது. "எப்போலேர்ந்துக்கா வாசம் தெரியாது?"

ஜோகூர் பாருவில் ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் பெரிய சலவைக்கூடத்தில் அவர் வேலை செய்தாராம். பிளீச் ஓடிய பிறகு நன்றாக அலசி, அதற்கப்புறம்தான் கடைசியில் புளிப்பு மருந்தை ஊற்ற வேண்டும்.

"வாசல்ல வண்டி நிக்குது. அவசரம். அலசாமலே ஊத்திட்டேன்."

"யாரு ஊத்தச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நான்தான் ஊத்தினேன். அன்னிக்கோட மூக்கு செத்துப்போச்சு. தொண்ட மட்டும்தான் உயிரோட இருக்கு."

வாளியைக் கீழே வைத்தேன். ஆறு வருடமாக அந்த மூக்கு சொன்னதையெல்லாம் நம்பியிருக்கிறோம். "அப்புறம் எதுக்குக்கா எல்லாத்தையும் மோந்து பாக்குறீங்க? போயிடுச்சுன்னு சொல்றீங்க?"

"எத்தனை வெயில் காட்டினேன்னு எனக்குத் தெரியும். அத வெச்சுச் சொல்றதுதான்." நாற்காலியைக் காற்றுப் பக்கம் நகர்த்தினார். "மோந்து பாக்குறது வேற. ஒரு நாள் திரும்ப வந்துடுமோன்னு."

எனக்கு அழுகை வந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "அக்கா, குரூப்ல எழுதினது…" என்று ஆரம்பித்தேன்.

"நானும் அந்தக் குரூப்லதான் இருக்கேன்" என்றார். "தண்ணிய ஊத்து."

அவர் குரூப்பில் ஒரு வார்த்தையும் எழுதியதில்லை. அதனால் அவர் இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. நான் எழுதியதையும் நாற்பது பதிலையும் படித்துவிட்டுத்தான் அவர் சேலையை மடித்துப் பையில் வைத்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறார்.

இரண்டாம் நாள் மாலைக்குள் என் முதுகு ஒடிந்துவிட்டது. முகர்ந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை போலத்தான் இருந்தது.

"போயிடுச்சுக்கா" என்றேன்.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. "யாழினிய அங்க பாய் போட்டு உக்கார வைப்பியா?"

நான் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மூன்றாம் நாள் சோப்புத் தண்ணீர். நான்காம் நாள் மறுபடி வெறும் தண்ணீர், விசிறி, திறந்த ஜன்னல். என் மூக்கு கெட்டுப்போய்விட்டது. சாப்பாட்டில் பிளீச் மணத்தது. தலைமுடியில் மணத்தது. அவர் வீட்டுக்குள் நிற்கும்போது வருகிற வாசம் சுவரிலிருந்து வருகிறதா, என் பயத்திலிருந்து வருகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவருக்கு மூக்கு இல்லை, எனக்கு மூக்கு இருந்தும் பிரயோசனம் இல்லை. தொண்டை எரிந்தால்தான் அவருக்குத் தெரியும். எரிந்த பிறகு தெரிந்து என்ன செய்வது?

ஐந்தாம் நாள் காலையில் என் வீட்டிலிருந்த மிச்ச பிளீச்சை அங்கிள் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். பிறகு யாழினியைக் குளிப்பாட்டி, இழுப்புக்கு அடிக்கிற பம்ப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அக்கா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து அவளை உட்கார வைத்தேன். வண்ணம் தீட்டுகிற புத்தகத்தைக் கொடுத்தேன். நான் பக்கத்தில் உட்காரவில்லை, எதிரே நின்றேன். என் கணவருக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருக்கமாட்டார்.

அக்கா வாசல்படிக்கு வெளியே நின்றார். யாழினி ஒரு மீனுக்கு ஆரஞ்சு தீட்டினாள், இன்னொன்றுக்குப் பச்சை. நான் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை தும்மினாள். என் கை பம்ப்புக்குப் போனது. பின்சந்தில் வெயில் ஏறி, மெத்தையிலிருந்து காய்ந்த பஞ்சு வாடை வந்தது.

அரை மணி நேரம் ஆகியிருக்கும். அக்கா செருப்பைக் கழற்றினார். நிலைப்படியைத் தாண்டாமல், வெளியிலிருந்தே கதவோரச் சுவரில் முகத்தை ஒட்டினார். கண்ணை மூடி, எப்போதும் போல நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தார். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"போயிடுச்சா?" என்றார்.

ஆறு வருடத்தில் அந்தச் சொல்லை அவர் கேள்வியாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. என் மூக்கை நான் கேட்கவில்லை. யாழினியைப் பார்த்தேன். குனிந்து, நாக்கைக்கூட நீட்டாமல், மீனின் வாலுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது.

"போயிடுச்சுக்கா."

அக்கா உள்ளே வந்தார்.